பச்சை டிக் வாங்கிய சக்கரம்

தெருவில் அவருக்கு மட்டம் சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் அப்படி. நேரில் வெறும் சார். பம்ப் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். வரிசையாக நகர்ந்து வரும் பாகங்களை எடுத்து அளந்து, சரியாக இருந்தால் பச்சைப் பெயிண்டில் ஒரு டிக், கோணலாக இருந்தால் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் வேலை. ஆனால் முப்பத்தோரு வருடம் உலகத்தை டிக், பெருக்கல் என்று இரண்டாகப் பிரித்துப் பழகிய மனிதர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால் என்ன செய்வார்? பாதி காலியான இரண்டு பெயிண்ட் டப்பாக்களையும், ஒரு சாண் நீளத்தில் ஒரு ரசமட்டத்தையும் ஞாபகார்த்தமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ரசமட்டம் என்றால் கொத்தனார்கள் சுவர் மேல் வைத்துப் பார்ப்பார்களே, அதுதான். கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி நடுவில் நின்றால் மட்டம், ஓரத்துக்குப் போனால் கோணல். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் அதை வைத்திருந்தார்.

பல் டாக்டரின் நாற்காலி இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வாயைத் திறந்து வைத்த நிலையிலேயே சொல்லி முடித்தவர் அவர். வங்கியில் பணம் எடுக்கப் போய், கவுண்டர் பலகையில் குமிழியை வைத்துப் பார்த்துவிட்டு, மேனேஜரைக் கூப்பிடச் சொன்னார். எதிர் வீட்டில் புது அலமாரி வந்து இறங்கினால், இவர் செருப்பை மாட்டுவதற்குள் அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள்.

வீட்டுக்குள் அவருக்கு வேலைப் பஞ்சம். கட்டில், பீரோ, அடுப்பு மேடை, சுவர்ப்படம் எல்லாம் ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே டிக் வாங்கி முடித்துவிட்டன. படுக்கையறையின் வெளிப்பக்கச் சுவர் மட்டும் தொல்லை கொடுத்தது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் அடியில் ஈரம் ஊறிப் பெயிண்ட் உரிந்து விழுந்தது. அதற்கும் அவர் சும்மா இருக்கவில்லை. மூன்று பெயிண்டர்களைத் திட்டி அனுப்பியிருந்தார்.

மனைவி அவர் வழிக்கு வருவதில்லை. வீட்டுக்குப் பின்னால் பச்சை நிழல் வலை கட்டி, அதன் அடியில் பெரணிச் செடி வளர்த்தாள். முதலில் இரண்டு தொட்டி. பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு. பிறகு கேட்காதவர்களும் வந்து கேட்டார்கள். பத்து வருடத்தில் தெருவே அவளைத் தொட்டிக்கார அம்மா என்று கூப்பிட்டது. அதுவும் நேரிலேயே. மட்டம் சார் இதைச் செடி வைத்து விளையாடுவது என்பார். "என் வீட்டுக்காரி பின்னாடி செடி வச்சு விளையாடிக்கிட்டிருப்பா, கூப்பிடறேன்" என்றுதான் வாங்க வந்தவர்களிடம் சொல்வார்.

அந்த விளையாட்டைப் பார்க்க ஒரு நாள் காரில் ஒருவர் வந்து இறங்கினார். ஊருக்கு வெளியே புதிதாகத் திறக்கப்போகும் ஹோட்டலின் மேனேஜர். நிழல் வலைக்கு அடியில் அரை மணி நேரம் நின்றார். முழங்கால் உயர மண் தொட்டியில் முப்பத்திரண்டு பெரணி வேண்டும், இன்னும் இரண்டு வாரத்தில், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஹோட்டலுக்கு வந்துவிட வேண்டும், பதினொரு மணிக்குத் திறப்பு என்றார். பார்க்க நன்றாக இருந்து, சொன்ன நேரத்துக்கு வந்தால் மாதா மாதம் இவளிடமே எடுப்பதாகவும், தவறினால் வேறு ஆள் தயாராக இருப்பதாகவும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதினாள், பீரோக் கதவில் எழுதினாள், நிழல் வலைக் கம்பத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக வெளி மனிதர் ஒருவர் அவள் கைவேலையை நம்பி ஒரு தேதி சொல்லியிருந்தார். இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் அதை ஒன்று விடாமல் சொன்னாள்.

மட்டம் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முப்பத்திரண்டும் ஒரே உயரமா இருக்குமா?" என்றார்.

இரண்டு நாள் கழித்து சாயங்காலம் திடீர் மழை. வெளியே நின்ற தோட்டத்து வண்டியை அவள் நனையாமல் இருக்கட்டும் என்று கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். இரும்புத் தட்டு, முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு கால், தள்ளுவதற்கு நீண்ட கைப்பிடி. சக்கரங்களுக்கு இரும்பு வளையம், அதன் மேல் கட்டை ரப்பர். பின்கட்டிலிருந்து வாசல் கேட் வரைக்கும் தொட்டி சுமப்பதற்கென்றே எட்டு வருடம் முன்பு வாங்கியது. எட்டு வருடமும் அது வெளியிலேயே கிடந்ததால் மட்டம் சாரின் கண்ணில் படாமல் தப்பித்தது. கூடத்து மொசைக் தரை அவர் கையால் டிக் வாங்கிய தரை. அதன் மேல் வந்து நின்ற எதுவும் அன்றுவரை பரீட்சைக்குத் தப்பியதில்லை.

ரசமட்டத்தை வண்டித் தட்டின் மேல் வைத்தார். குமிழி இடது ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. வண்டி வலது பக்கம் இறங்கியிருக்கிறது. அவர் முகத்தில் வெகு நாளாகக் காணாத ஒரு சந்தோஷம் வந்தது. தரையில் படுத்து அளவு எடுத்தார். இடது சக்கரத்தின் ரப்பர் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. வலது சக்கரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்து போயிருந்தது.

"இத்தனை வருஷமா இந்தக் கோணல் வண்டியையா தள்ளிக்கிட்டிருந்த?"

"நல்லாத்தாங்க ஓடுது."

"நல்லா ஓடுதா? இங்க பாரு. ஒரு சக்கரம் பெருசு, ஒரு சக்கரம் சின்னது. ஏன் தெரியுமா? நீ வலது கையை அழுத்தித் தள்ற. அதான் வலது பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. வண்டி தள்ளத் தெரிஞ்சு தள்ளணும்."

அவள் தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "தேஞ்சது தேஞ்சதாவே இருக்கட்டும். வியாழக்கிழமை முடியற வரைக்கும் அதைத் தொடாதீங்க" என்றாள்.

அவளும் முப்பத்து மூன்று வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள்தான். தொடாதே என்று சொன்னால் அந்த மனிதர் என்ன செய்வார் என்று தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை அவள் பின்கட்டுக்குப் போனபோது வண்டி நான்கு செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு சக்கரங்களும் சுவரில் சாத்தியிருந்தன. வலது சக்கரத்தின் பக்கவாட்டில் ஈரம் காயாத சிவப்புப் பெருக்கல் குறி.

அதிலிருந்து ஒன்பது நாள். சக்கரம் பழுது பார்ப்பது ஒன்பது நாள் வேலையா என்று கேட்கக் கூடாது. முதல் நாள் அளந்தார். இரண்டாம் நாள் அளந்தது சரியா என்று அளந்தார். மூன்றாம் நாள் பழைய லாரி டயர் தேடிப் புறப்பட்டு, நான்காம் நாள் மதியம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அதிலிருந்து இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டி, தேய்ந்த சக்கரத்தைச் சுற்றிப் போர்த்தி, பசை தடவி, இருபத்து நாலு திருகாணி வைத்து முடுக்கி, அரத்தால் ராவினார். ராவிவிட்டு அளந்தார். அளந்துவிட்டு ராவினார். அச்சை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துரு நீக்கினார், கடையாணி இரண்டையும் புதிதாக மாற்றினார், அச்சு நுழையும் சக்கரக் குடத்துக்குள் கிரீஸ் அடைத்தார். அவளுடைய காலித் தொட்டி ஒன்றை எடுத்து, அடி ஓட்டையைத் துணியால் அடைத்து, அதில் திருகாணிகளையும் வாஷர்களையும் அளவு வாரியாகச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அடுக்கி வைத்துக்கொண்டார்.

அந்த ஒன்பது நாளும் அவள் எருவையும் மண்ணையும் வாளியில் அள்ளி இடுப்பில் சுமந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொள்வது மட்டம் சாரின் பழக்கம்.

நடுவில் ஒரு நாள் அவளுடைய தம்பி வந்தான். சின்ன லோடு வண்டி வைத்து ஓட்டுகிறவன். வியாழக்கிழமை தொட்டிகளை ஹோட்டலுக்குக் கொண்டுபோகப் போகிறவன் அவன்தான். செங்கல் மேல் இருந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தச் சக்கரம் கடையிலயே ரெடியா கிடைக்குதே. போய் வாங்கி மாட்டினா அரை மணி நேர வேலை" என்றான்.

"கடைச் சக்கரமா? ரெண்டு கடைச் சக்கரம் ஒரே அளவுல இருந்து நீ பாத்திருக்கியா?"

"நான் அளந்து பாத்ததில்ல மாமா."

"அதான் மாப்ள உனக்கும் எனக்கும் வித்தியாசம்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா ஒரு பெரணியின் காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பலமாகத்தான் கிள்ளினாள்.

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. சக்கரங்களை மாட்டி, கூடத்து மொசைக் தரைக்கு வண்டியைக் கொண்டுவந்து, ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுக்கோட்டில் வந்து அசையாமல் நின்றது. நீளவாட்டில் வைத்தாலும் குறுக்குவாட்டில் வைத்தாலும் அப்படியே நின்றது. விரலால் சுற்றிவிட்டால் சக்கரம் சத்தமே இல்லாமல் சுழன்றுகொண்டே இருந்தது. மட்டம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது; அவரைக் கிண்டல் செய்கிற நாமும் அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சிவப்புக் குறியைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் பச்சை டிக் போட்டார். கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி லோடு வண்டியை வாசல் கேட்டை ஒட்டி நிறுத்தினான். கேட்டுக்குள் அது நுழையாது. பின்கட்டிலிருந்து கேட் வரைக்கும் நாற்பத்திரண்டு அடி. இடது பக்கம் வீட்டுச் சுவர், வலது பக்கம் காம்பவுண்டுச் சுவர், நடுவில் சிமெண்ட் பாதை. தொட்டி ஒவ்வொன்றும் ஈர மண்ணோடு இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். தம்பி முதுகெலும்பில் டிஸ்க் விலகி, பெல்ட் போட்டிருந்தான்; ஒரு கை கொடுத்து ஏற்றலாம், சுமந்து நடக்க முடியாது. ஆகையால் தோட்டத்து வண்டியை நம்பித்தான் எல்லாம். ஒரு நடைக்கு நான்கு தொட்டி, எட்டு நடை. எட்டரைக்குப் புறப்பட்டால் ஒன்பதுக்குள் நிதானமாகவே போய்விடலாம். அவள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஏதாவது வாடினால் இருக்கட்டும் என்று கூடுதலாக இரண்டு தொட்டியும் வளர்த்திருந்தாள்.

முதல் நான்கு தொட்டியும் ஏறியதும் அவள் கைப்பிடியைப் பிடிக்கப் போனாள். மட்டம் சார் குறுக்கே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

"நகரு. வெள்ளோட்டம் நான்தான் விடணும்."

"பாதை எனக்குப் பழக்கங்க. நான் தள்றேன்."

"பழகித்தானே ஒரு சக்கரத்தைத் தேச்சு வச்ச? இப்ப பாரு, ஒரு விரலால தள்ளலாம்."

உண்மைதான். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. பத்தடி போனது, பதினைந்து அடி போனது. அவர் திரும்பி மச்சினனைப் பார்த்து ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். அந்த விரலைக் கீழே இறக்குவதற்குள் வண்டி தானாக இடது பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. வலது பக்கம் இழுத்தார். கிரீஸ் அடைத்த சக்கரம் யார் பேச்சைக் கேட்கும்? வீட்டுச் சுவரை நோக்கிச் சரிந்து போய், குளியலறைக்கு வெளியே இறங்கும் தண்ணீர்க் குழாயில் இடது சக்கரம் இடித்தது. தட்டு சாய்ந்தது. நான்கு தொட்டிகளும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுவரில் மோதி, மூன்று உடைந்தன. நான்காவது எப்படித் தப்பித்தது என்று அதற்கே தெரியாது.

அவள் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. கை மட்டும் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது.

முதலில் பேசியவர் மட்டம் சார்தான். "லோடு சரியா ஏத்தல மாப்ள. எடை எல்லாம் இடது பக்கம்."

"பக்கத்துக்கு ரெண்டு வச்சேன் மாமா."

"அப்ப தொட்டிங்க ஒரே எடை இல்ல."

அவர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, வண்டியை நிமிர்த்தி, தட்டின் மேல் வைத்தார். குமிழி வலது ஓரத்துக்கு ஓடியது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் ஓடியது. நேற்று மொசைக் தரையில் நடுக்கோட்டில் நின்ற அதே குமிழி. "இடிச்சதுல அச்சு வளைஞ்சிருக்கும்" என்றார். குரலில் பழைய தெம்பு இல்லை.

"அச்சு வளையல" என்றாள் மனைவி. அவ்வளவு அமைதியாக அவள் பேசி அவர் கேட்டதில்லை. "ரசமட்டத்தை வண்டி மேல வைக்காதீங்க. தரையில வைங்க."

"தரையிலயா? இந்தப் பாதை நானே போட்டது."

"அதனாலதான் சொல்றேன். வைங்க."

அந்தப் பாதையின் கதை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எட்டு வருடம் முன்பு, விடுமுறை எடுத்துக்கொண்டு நின்று போட்ட பாதை. முதலில் ஒரு கொத்தனார்தான் வந்தார். அவர் ரசமட்டம் வைக்காமல், தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்து வேலை செய்தார். மட்டம் சாருக்கு அது பொறுக்கவில்லை. கண்ணுக்கு என்ன அளவு இருக்கிறது என்று கேட்டார். கொத்தனார் கரணையைக் கழுவிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அப்ப நீங்களே போட்டுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாரும் போட்டார். தொழிற்சாலையிலிருந்து இரவல் வாங்கி வந்த ரசமட்டத்தை, நாற்பத்திரண்டு அடிக்கும் அடிக்கு ஒரு தடவை வைத்துப் பார்த்துப் போட்டார். நீளவாட்டில் வைத்துப் பார்த்தார். குறுக்குவாட்டில் ஒரு தடவைகூட வைக்கவில்லை. அடுத்தவர் வேலையை ஆயிரம் விதமாகத் திருப்பிப் பார்ப்பவர், தன் வேலையை ஒரு விதமாகப் பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

குனிந்து, பாதையின் குறுக்கே வைத்தார். குமிழி காம்பவுண்டுச் சுவர்ப் பக்கத்து ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பாதை வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் நாலடி நகர்ந்து வைத்தார். அதே கதை. இன்னும் நாலடி. அதே கதை.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் காலால் தேய்த்துப் பார்த்தான். "மாமா, வீட்டுப் பக்கம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. அந்தப் பக்கம் ஜல்லி துருத்திக்கிட்டு நிக்குது. சிமெண்ட் பால் பூரா இந்தப் பக்கம் இறங்கிடுச்சு போல. அந்த ஜல்லி மேல ஓடினா இரும்பே தேயும், ரப்பர் என்ன ஆகும்?"

மேட்டுப் பக்கம் ஓடிய வலது சக்கரம் எட்டு வருடத்தில் தேய்ந்து தேய்ந்து, மேடு எவ்வளவோ அவ்வளவு குறைந்துவிட்டது. அதற்குப் பிறகு தொட்டியோடு வெளியே போகும் வண்டி நிமிர்ந்து போயிற்று. திரும்பி வரும்போது வெறும் வண்டி, அது எந்தப் பக்கம் சாய்ந்தால் யாருக்கு என்ன? அந்த வீட்டில் சரியாக இருந்த ஒரே கோணலை மட்டம் சார் ஒன்பது நாள் பாடுபட்டு நிமிர்த்திவிட்டார்.

அவருடைய பார்வை பாதையிலிருந்து மெதுவாக வீட்டுச் சுவருக்குப் போனது. படுக்கையறைச் சுவர். அடியில் பாசி பிடித்து, ஈரம் ஊறிய சுவர். மூன்று பெயிண்டர்களின் முகமும் வரிசையாக வந்து போயின. காது மடல் சுட்டது. கடைசியாக எப்போது இப்படி அவமானப்பட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். அப்படி ஒன்று நடந்ததாகவே நினைவில்லை. நடந்து, கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

"மண்ணு இறங்கியிருக்கும். எட்டு வருஷம் ஆச்சுல்ல?" என்றார்.

"மண்ணு இறங்கல. போட்ட அன்னிக்கே இப்படித்தான் இருந்தது. காரை காயறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். தண்ணி எல்லாம் வீட்டுப் பக்கமா ஓடுதே, கொஞ்சம் பாருங்கன்னு சொன்னேன். நீங்க நிமிர்ந்துகூடப் பாக்கல. 'வேலை நடக்கிற இடத்துல பேசாத, வாளியை எடுத்துட்டு வா'ன்னீங்க. எடுத்துட்டு வந்தேன்."

தம்பி வேறு பக்கம் திரும்பி லோடு வண்டியின் டயரை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான்.

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. மணி ஏழு இருபது. "அந்தப் பட்டையைக் கழட்டுங்க" என்றாள்.

"இருபத்து நாலு திருகாணி. பசை வேற போட்டிருக்கேன். அது பிரியவே பிரியாது."

"கழட்டுங்க."

அவர் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு சேற்றில் உட்கார்ந்து, தன் கையால் முடுக்கிய திருகாணிகளைத் தன் கையால் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிரியவே பிரியாத பசை, கடைசித் திருகாணி வெளியே வந்ததும் பட்டையை ஒரே இழுப்பில் விட்டுவிட்டது. ஒன்பது நாள் வேலையைப் பிரிக்கக் கால் மணி நேரம் பிடித்தது. தேய்ந்த பழைய சக்கரம் பழையபடி வெளியே வந்தது, பக்கவாட்டில் பெரிய பச்சை டிக்கோடு.

அதற்குள் அவள் உடைந்த ஓடுகளை ஒதுக்கினாள். முப்பத்து நாலில் மூன்று போனால் முப்பத்தொன்று. ஒன்று குறைந்தது. வேர் கலையாமல் கிடந்த ஒரு செடியை மண்ணோடு வாரி எடுத்தாள். தொட்டி வேண்டுமே. நேராகப் பின்கட்டில் அவர் வேலை செய்த மேசைக்குப் போய், வாஷரும் திருகாணியும் இருந்த தொட்டியை எடுத்து, தரையில் கவிழ்த்தாள். அளவு வாரியாகக் கட்டிய பொட்டலங்கள் அத்தனையும் அவிழ்ந்து மூலைக்கு மூலை உருண்டன. அடியில் இருந்த துணியைப் பிடுங்கி எறிந்தாள்.

பிறகு எட்டு நடை. அவளே தள்ளினாள். வண்டி குழாய்ப் பக்கம்கூடப் போகவில்லை. தொட்டியில் ஒரு இலை அசைந்ததைத் தவிர வேறு ஆட்டம் இல்லை. கடைசி நடையில் அவரைக் கடக்கும்போது, "கிரீஸ் நல்லாத்தான் போட்டிருக்கீங்க. சத்தமே இல்ல" என்றாள். அதை மனதாரத்தான் சொன்னாள். அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

லோடு வண்டி எட்டு நாற்பதுக்குப் புறப்பட்டது. அவள் ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் அவர் அன்று முழுக்கப் பாதையில் குந்தியிருந்தார். குறுக்கே வைத்து நாற்பத்திரண்டு இடத்திலும் பார்த்தார். ஒரு இடத்தில்கூட அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை. மதியம் சிவப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். பாதையின் முன்னால் வெகு நேரம் நின்றார். தூரிகையை நனைக்காமலே திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

சாயங்காலம் அவள் வந்தாள். செருப்பை விடுவதற்கு முன்பே, "ஒன்பதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்பவே போய்ட்டோம். அடுத்த மாசம் நாப்பத்தெட்டு கேட்டிருக்காங்க" என்றாள். முகம் பளிச்சென்று இருந்தது. அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ ஒரு பாரம் இறங்கியது. ஆனால் அதைச் சொல்வதற்கு வார்த்தை கைவசம் இல்லை. "எல்லாம் ஒரே உயரமா இருந்ததா?" என்றுதான் வாயில் வந்தது.

அவள் அதற்குச் சிரித்தாள். "நாப்பத்தெட்டுக்கு இந்தப் பாதை தாங்காது. வர்ற வழியில கொத்தனாரைப் பாத்தேன். திங்கக்கிழமை வந்து ஒடச்சுப் போட்டுடறேன்னாரு."

"எந்தக் கொத்தனார்?"

"நீங்க விரட்டினவரேதான்."

"அவன் கண்ணால பாத்து வேலை செய்யற ஆளாச்சே."

"ஆமா. அவரு பாப்பாரு."

மட்டம் சாருக்கு அது கசந்தது. பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. பாதை மட்டமாகிவிட்டால் சக்கரமும் மட்டமாக இருக்க வேண்டுமே! கழற்றி ஆணியில் மாட்டி வைத்திருந்த டயர்ப் பட்டையைப் பார்த்தார். "நான் என்ன சொல்றேன்னா, சக்கரத்துல தப்பில்ல. என் சக்கரத்துக்கு ஏத்த பாதை இல்ல, அவ்வளவுதான். திங்கக்கிழமை நான் பக்கத்துலயே நின்னு ரசமட்டம் வச்சுப் பாத்துக்கறேன். நீளவாட்டிலயும் பாக்கறேன், குறுக்காலயும் பாக்கறேன். கவலைப்படாத."

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் அவள். "நீங்க வாளியை எடுத்துட்டு வாங்க. அது போதும்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பழைய பாதை உடைந்து வாசலில் குவிந்து கிடந்தது. கொத்தனார் ஜல்லி மேல் கலவையைப் பரப்பி, தரையில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மட்டம் சார் தண்ணீர் வாளியைச் சுமந்துகொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தார். வைத்த கையோடு, கை சட்டைப் பைக்குப் போனது. ரசமட்டத்தின் நுனி வெளியே வந்தது.

"இந்தப் பக்கம் கொஞ்சம்" என்று ஆரம்பித்தார்.

கொத்தனார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னொரு வாளி சார்" என்றார்.